‘சோகம் என் மேல் இருக்கிறது’: இன்றைய ஐரிஷ் எழுத்தைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஐரிஷ் மொழியில் “எனக்கு வருத்தமாக இருக்கிறது” என்று சொல்ல, “தா ப்ரோன் ஒரம்” என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் “சோகம் என் மேல் இருக்கிறது” என்று வரும். பசி, பயம், சந்தோஷம் எல்லாவற்றுக்கும் இதே அமைப்புதான். மழை மாதிரி எங்கிருந்தோ வந்து ஒருவர் மேல் விழுகிறவை அவை. ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் சாட்’ என்னும்போது ஆளும் உணர்வும் ஒன்றாகிவிடும். தமிழ் இந்த விஷயத்தில் ஐரிஷுக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறது: எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்கிறோம். “சாப்பிட்டாயா?” என்றால் “சாப்பிட்டேன்” என்று வினையையே திருப்பிச் சொல்கிறோமே, அங்கேயும் அப்படித்தான். ஆம், இல்லை என்பதற்குத் தனிச் சொற்களே ஐரிஷில் கிடையாது.

ஆனால் அயர்லாந்தின் இன்றைய எழுத்தில் பெரும்பகுதி வருவது ஆங்கிலத்தில். ஐரிஷ்தான் அரசியல் சட்டப்படி முதல் ஆட்சிமொழி. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பள்ளிக்கூடத்துக்கு வெளியே அதைத் தினமும் பேசுவதாகச் சொன்னவர்கள் 71,968 பேர். நாட்டின் மக்கள்தொகையோ 50 லட்சத்துக்கு மேல். ஆக, ஓர் ஐரிஷ் எழுத்தாளர் ஆங்கிலத்தில் ஒரு துக்கத்தை எழுதும்போது, அந்த ஆங்கிலத்துக்கு அடியில் கொள்ளுப்பாட்டி பேசிய வேறொரு மொழி லேசாக அசைந்துகொண்டிருக்கும். உணர்வையும் அடையாளத்தையும் அங்கே பிரித்துப் பேச முடியாமல் போவதற்கு இது முதல் காரணம்.

‘கலாச்சார அடையாளம்’ என்றதும் பச்சை நிறம், மூவிலைத் தழை, ஃபிடில் இசை, கறுப்பு பீர் எல்லாம் நினைவுக்கு வரும். சுற்றுலாக் கடைகளில் அதுதான் விற்கிறது. எழுத்தாளர்கள் அடையாளத்தைத் தேடிய இடம் வேறு. இந்த வீட்டில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? யார் முன்னால் அழலாம்? பக்கத்து வீட்டில் நடப்பது தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதை இங்கே எந்த வயதில் கற்றுக்கொள்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு ஓர் ஊர் தரும் பதிலில்தான் அந்த ஊரின் முகம் இருக்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அதனால் இந்தக் கதைகளில் மௌனம் நிறைய வரும். புதிதாகப் படிப்பவர்கள் “என்ன, ஒன்றுமே நடக்கவில்லையே” என்று புத்தகத்தை மூடிவிடுவதும் இதனால்தான். என் அனுபவத்தில், ஒரே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கதவு திறந்துவிடும். அயர்லாந்தின் எழுத்தில் இரண்டு மௌனங்கள் உண்டு. ஒன்று வெளியிலிருந்து வாயை அடைத்த மௌனம். இன்னொன்று, ஒருவர் மேல் உள்ள அன்பால் நாமே தேர்ந்துகொள்ளும் மௌனம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எது எது என்று கண்டுபிடிப்பதுதான் வாசகரின் வேலை.

முதலில், வாயை அடைத்தது எது?

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அதை நம்பியே உயிர் வாழ்ந்த ஏழைகள் சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். 10 லட்சத்துக்கும் மேல் கப்பல் ஏறினார்கள். 1841இல் அந்தத் தீவில் 80 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். இன்றைக்கு வடக்கையும் தெற்கையும் சேர்த்துக் கூட்டினாலும் அந்த எண்ணிக்கை வரவில்லை. செத்தவர்களும் போனவர்களும் பெரும்பாலும் ஐரிஷ் பேசியவர்கள் என்பதால் மொழியும் கூடவே சரிந்தது. மீதியிருந்த பெற்றோர், நாளைக்குக் கப்பல் ஏறப்போகிற பிள்ளைக்கு ஆங்கிலம்தான் சோறு போடும் என்று நினைத்தார்கள்.

இவ்வளவு பெரிய சாவைப் பற்றி எப்படி எழுதுவது? ஈவன் போலண்ட் என்ற கவிஞர் ஒரு சின்னக் கவிதையில் எழுதினார். ‘குவாரண்டைன்’ என்று பெயர். 1847 குளிர்காலம். ஏழைகள் விடுதியை விட்டு ஒருவன் மனைவியோடு வடக்கே நடக்கிறான். அவளுக்குப் பஞ்சக் காய்ச்சல், நடக்க முடியவில்லை, முதுகில் தூக்கிக்கொள்கிறான். காலையில் இருவரும் பிணமாகக் கிடக்கிறார்கள். அவள் பாதங்கள் அவன் நெஞ்செலும்போடு சேர்த்து அணைத்தபடி இருந்தன. அவன் உடம்பில் கடைசியாக மிச்சமிருந்த சூடு அந்தப் பாதங்களுக்குப் போயிருக்கிறது. அவன் அவளிடம் என்ன பேசினான் என்று கவிதையில் ஒரு சொல் கிடையாது. இனி இங்கே எந்தக் காதல் கவிதையும் சாதாரணமாக நுழைய வேண்டாம் என்கிற மாதிரி போலண்ட் எழுதிக்கொண்டு போகிறார். உணர்வை ஒரு பொருளில், உடம்பின் ஒரு பகுதியில் இறக்கிவைப்பது ஐரிஷ் எழுத்தின் பழைய பழக்கம். அந்தப் பாதங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சுதந்திரம். 1922இல் தெற்குப் பகுதி தனி அரசானது. கத்தோலிக்கத் திருச்சபையும் அரசும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. 1929இல் புத்தகத் தணிக்கைச் சட்டம் வந்தது. கிராமத்துப் பெண்களின் ஆசையை எழுதியதற்காக எட்னா ஓப்ரையனின் முதல் நாவல் 1960இல் தடைசெய்யப்பட்டது. 1965இல் ஜான் மக்கஹெர்னின் நாவலும் தடையானது. அவருடைய ஆசிரியர் வேலையும் போனது. அந்தக் காலத்தை இன்றைய எழுத்தாளர்கள் விடாமல் திரும்பிப் பார்க்கிறார்கள். மணவிலக்கு 1995 பொதுவாக்கெடுப்பில்தான் ஏற்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில், 2015இல், ஒருபால் திருமணத்துக்கு மக்களே ஓட்டுப் போட்டு வழிவிட்டார்கள். 2018இல் கருக்கலைப்புத் தடையை நீக்கினார்கள். இவ்வளவு வேகமாக மாறிய ஒரு சமூகம் “நேற்று நாம் யாராக இருந்தோம்” என்று கேட்காமல் இருக்க முடியாது.

அப்பாவும் பிள்ளையும், நடுவில் ஒரு படகும்

மௌனத்தை மேடையில் எப்படிக் காட்டுவது? பிரையன் ஃப்ரீல் 1964இல் ஒரு வழி கண்டுபிடித்தார். ‘ஃபிலடெல்ஃபியா, ஹியர் ஐ கம்!’ நாடகத்தில் காரெத் என்கிற இளைஞன் மறுநாள் காலை அமெரிக்கா போகிறான். அவனுக்கு இரண்டு நடிகர்கள். ஒருவர் ஊருக்குத் தெரிகிற காரெத். இன்னொருவர் அவனுக்குள் இருக்கிறவன். வேறு யார் கண்ணுக்கும் தெரியாதவன், வாய் ஓயாமல் பேசுகிறவன். கடை நடத்தும் அப்பா தினமும் பேசும் அதே நாலு வார்த்தைகளை அன்றும் பேசுகிறார். “இன்றைக்காவது ஏதாவது சொல்லேன் அப்பா” என்று உள்ளே இருப்பவன் தவிக்கிறான்.

கடைசி இரவில் மகன் துணிந்து ஒரு கேள்வி கேட்கிறான். சின்ன வயதில் ஒரு நீலப் படகில் மீன்பிடிக்கப் போனோமே, நீங்கள் பாடினீர்களே, நினைவிருக்கிறதா? அப்பாவுக்கு நினைவில்லை. நீலப் படகா, பழுப்புப் படகு அல்லவா ஒன்று இருந்தது என்கிறார். மகன் எழுந்து போய்விடுகிறான். அதற்கப்புறம் அப்பா, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மாட்ஜ் அம்மாளிடம் சொல்கிறார்: மாலுமி உடுப்பு போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தபடி பள்ளிக்கூடம் போவானே. மாட்ஜ் சொல்கிறாள், அவனுக்கு மாலுமி உடுப்பே கிடையாது.

இருவரிடமும் அன்பு இருக்கிறது. இரண்டு ஞாபகங்களும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. புலம்பெயர்தல் பற்றிய ஐரிஷ் எழுத்தில் இதற்கு இணையாக எனக்கு மனதில் நிற்கும் காட்சி வேறொன்று இல்லை. கோல்ம் டோய்பின் 2009இல் எழுதிய ‘ப்ரூக்லின்’ நாவலைப் படிக்கும்போதும் இந்த நீலப் படகு பின்னால் மிதந்துகொண்டே வருகிறது. அதில் எய்லிஷ் என்ற பெண் 1950களில் என்னிஸ்கார்த்தி என்ற சிற்றூரிலிருந்து நியூயார்க் போகிறாள். போக வேண்டும் என்று அவள் கேட்டதில்லை, போக மாட்டேன் என்றும் சொல்வதில்லை. வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் பேசுவதில்லை.

மெத்தை செய்த தப்பு

இப்போது இந்தக் கட்டுரையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். க்ளேர் கீகனின் ‘ஃபாஸ்டர்’. 2010இல் புத்தகமாக வந்தது. நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

ஒரு சிறுமி கதை சொல்கிறாள். பெயர் கிடையாது. வீட்டில் பிள்ளைகள் அதிகம், அம்மா மறுபடி கர்ப்பம். அப்பா சீட்டாட்டத்தில் மாட்டைத் தோற்ற மனிதர். கோடைக்காலத்துக்கு மட்டும் அவளை வெக்ஸ்ஃபோர்ட் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில், பிள்ளை இல்லாத கின்செல்லா தம்பதியிடம் விட்டுவிட்டுப் போகிறார். போகும் அவசரத்தில் அவளுடைய துணிப்பெட்டியை இறக்கிவைக்கக்கூட மறந்துவிடுகிறார்.

முதல் இரவு அவள் படுக்கையை நனைத்துவிடுகிறாள். காலையில் திருமதி கின்செல்லா மெத்தையைப் பார்க்கிறாள். உடனே மெத்தையைத்தான் திட்டுகிறாள்: இந்தப் பழைய மெத்தைகளே இப்படித்தான், ஈரம் கசிந்துகொண்டே இருக்கும், உன்னை இதில் படுக்கவைத்தேனே, எனக்கு எங்கே புத்தி போயிற்று என்கிற மாதிரி. மூலத்தில் அவள் சொல்லும் சொல்லுக்கு ஈரம் கசிவது என்றும் அழுவது என்றும் இரண்டு பொருள் உண்டு. அப்புறம் இருவரும் சேர்ந்து மெத்தையை வெளியே இழுத்துப்போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைக்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி. “பரவாயில்லை கண்ணே” என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தக் குழந்தையின் வாழ்க்கையில் அதுவரை நடந்திராத ஒன்று நடந்துவிட்டது: அவள் அவமானத்தை இன்னொருவர் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். முதல் முறை படித்தபோது இந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதே திருமதி கின்செல்லா, வந்த அன்றைக்கே சிறுமியிடம் ஒன்று சொல்லியிருக்கிறாள். இந்த வீட்டில் ரகசியம் கிடையாது. ரகசியம் இருக்கும் இடத்தில் அவமானம் இருக்கும், அது நமக்கு வேண்டாம் என்று. ஆனால் அந்த வீட்டிலும் ஏதோ இருக்கிறது. சிறுமி படுக்கும் அறையின் சுவர்த்தாளில் ரயில் படங்கள். அவளுக்குப் போட்டுக்கொள்ளக் கொடுப்பது ஒரு பையனின் உடைகள். அவளுக்குப் புரிவதற்கு முன்பே நமக்குப் புரிந்துவிடும்.

பிறகு ஒருநாள் ஊர்க்காரி ஒருத்தி அந்தத் துக்கத்தைச் சிறுமியிடம் போட்டு உடைத்துவிடுகிறாள். அன்றிரவு கின்செல்லா சிறுமியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறார். நீ எப்போதும் எதையும் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. சும்மா இருக்கக் கிடைத்த நல்ல வாய்ப்பைத் தவறவிட்டே நிறையப் பேர் நிறைய இழந்திருக்கிறார்கள் என்று சொல்கிறார். மனைவி “ரகசியம் வேண்டாம்” என்றாள், கணவர் “சொல்ல வேண்டியதில்லை” என்கிறார். முரண்பாடு மாதிரித் தெரியும். அவள் வேண்டாம் என்றது அவமானத்தை மூடிவைக்கும் மௌனம். அவர் சொன்னது அடுத்தவரின் காயத்தைப் பாதுகாக்கும் மௌனம். கோடை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா ஏதோ நடந்திருக்கிறது என்று மோப்பம் பிடித்துக் கேட்கிறாள். சிறுமி “ஒன்றும் நடக்கவில்லை” என்கிறாள். அந்தப் பதிலில் அவள் வளர்ந்துவிட்டாள். கீகன் இதை விளக்குவதே இல்லை.

நாட்டு நிலவரம் எங்கே? வெகு தூரத்தில், தொலைக்காட்சிச் செய்தியில் வருகிறது. வடக்கே சிறையில் உண்ணாவிரதம் இருந்த ஒருவர் இறந்த செய்தி. 1981இல் அப்படிப் பத்துப் பேர் இறந்தார்கள். வரலாறு அந்தச் சமையலறை வழியாக ஒரு வரியில் கடந்து போய்விடுகிறது.

இந்தக் கதையை 2022இல் படமாக எடுத்தவர்கள் ஆங்கிலத்தில் எடுக்கவில்லை, ஐரிஷில் எடுத்தார்கள். ‘அன் கலீன் க்யூன்’, அமைதியான சிறுமி என்று பொருள். சிறந்த பன்னாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் ஐரிஷ் மொழிப் படம் அதுதான். ஆங்கிலத்தில் எழுதிய கதை ஐரிஷுக்குத் திரும்பியபோது யாருக்கும் அது மொழிபெயர்ப்பு என்று தோன்றாமல் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஊரே சேர்ந்து காத்த மௌனம்

கீகன் 2021இல் எழுதிய ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’ அந்த இன்னொரு மௌனத்தை, வாயை அடைத்த மௌனத்தைப் பற்றியது. அதற்கு முன் ஒரு வரலாறு தெரிய வேண்டும். மணமாகாமல் கர்ப்பமான பெண்கள், ‘கெட்டுப்போகலாம்’ என்று கருதப்பட்ட பெண்கள், ஆதரவற்ற சிறுமிகள் மகதலேன் சலவைக்கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். நடத்தியவர்கள் கன்னியாஸ்திரீகள். அங்கே கூலி இல்லாமல் துணி வெளுத்தார்கள். 1922க்குப் பிறகு மட்டும் குறைந்தது 10,000 பெண்கள் உள்ளே போனதாக 2013 அரசு அறிக்கை சொன்னது. கடைசிக் கூடம் டப்ளினில் 1996இல்தான் மூடப்பட்டது. 2013 பிப்ரவரியில் பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இதே மாதிரி, ட்யூம் என்ற ஊரில் தாய்-சேய் இல்லம் ஒன்றில் இறந்த 796 குழந்தைகளின் இறப்புச் சான்றிதழ்களை கேத்தரின் கார்லஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்.

கதை 1985 கிறிஸ்துமஸ் சமயம், நியூ ராஸ் ஊரில் நடக்கிறது. பில் ஃபர்லாங் நிலக்கரி வியாபாரி. ஐந்து பெண் பிள்ளைகளின் அப்பா. கான்வென்ட்டுக்கு நிலக்கரி கொண்டுபோகிறவன் அங்கே கரிக்கொட்டகையில் பூட்டப்பட்டுக் கிடக்கும் ஒரு பெண்ணைப் பார்த்துவிடுகிறான். பார்த்ததை என்ன செய்வது? சில விஷயங்களைக் கண்டுகொள்ளாமல் இருந்தால்தான் வாழ முடியும் என்று மனைவி சொல்கிறாள். அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகள் படிக்க வேண்டிய நல்ல பள்ளியும் அதே கன்னியாஸ்திரீகள் கையில்தான்.

இங்கே கொடுமைக்காரர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் இல்லை. துணி வெளுக்கக் கொடுத்தவர்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள்தான். புத்தகத்தின் முன்பக்கத்தில் 1916 குடியரசுப் பிரகடனத்திலிருந்து ஒரு பகுதி இருக்கிறது. தேசத்தின் எல்லாக் குழந்தைகளையும் சமமாகப் போற்றுவோம் என்ற உறுதிமொழி அதில் வருகிறது. நாட்டின் பிறப்புச் சான்றிதழை எடுத்து ஒரு கரிக்கொட்டகைக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார் கீகன். அடையாளம் என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் இந்த ஒரு பக்கத்தைத்தான் காட்டுவேன்.

வடக்கே வேறு கணக்கு

வட அயர்லாந்து 1921இல் பிரிட்டனோடு இருக்கும்படி பிரிக்கப்பட்டது. தெற்கோடு சேர விரும்பிய கத்தோலிக்கர்களுக்கும் பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டன்ட்களுக்கும் இடையே, 1960களின் கடைசியிலிருந்து 1998 புனித வெள்ளி அமைதி ஒப்பந்தம் வரை நடந்த மோதலில் 3,500க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே மௌனம் உயிர் காக்கும் சாதனம். பெயரையோ படித்த பள்ளியையோ சொன்னாலே நீங்கள் எந்தப் பக்கம் என்று எதிரே இருப்பவர் முடிவு செய்துவிடுவார். “எதைச் சொன்னாலும், ஒன்றும் சொல்லாதே” என்ற அந்த ஊர் வழக்கையே ஷேமஸ் ஹீனி 1975இல் ஒரு கவிதைக்குத் தலைப்பாக வைத்தார்.

ஆனா பர்ன்ஸின் ‘மில்க்மேன்’ 2018இல் புக்கர் பரிசு பெற்றது. அதில் யாருக்கும் பெயரே இல்லை. ஊருக்கும் இல்லை, கதை சொல்லும் 18 வயதுப் பெண்ணுக்கும் இல்லை. சரியான வெண்ணெய், தவறான வெண்ணெய் என்று இரண்டு உண்டு. குடிக்கிற தேநீரில்கூட விசுவாசமும் துரோகமும் இருக்கிறது. ஆயுதக்குழுவைச் சேர்ந்த, நாற்பதைத் தாண்டிய ஒருவன் அவளைப் பின்தொடர்கிறான். தொடவில்லை, அடிக்கவில்லை. அதனாலேயே அவளுக்கு நடப்பதைச் சொல்ல அந்த ஊரில் ஒரு சொல் இல்லை. “கை வைக்கவில்லையே, அப்புறம் என்ன?” என்பதுதான் ஊரின் நியாயம். எதையும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று முகத்தை வெறுமையாக வைத்துப் பழகுகிறாள். கொஞ்ச நாளில் உள்ளேயும் வெறுமை பரவி, தனக்கு உணர்வு இருக்கிறதா என்பதே அவளுக்குத் தெரியாமல் போகிறது. வாய் அடைக்கப்பட்டால் கடைசியில் மனசும் அடைபடும் என்பதை இவ்வளவு நுணுக்கமாக எழுதிய நாவல் வேறொன்றை நான் படித்ததில்லை.

அந்த நாவலில் ஒரு மாலை நேர பிரெஞ்சு வகுப்பு வரும். பாடத்தில் வானம் நீலமாக இல்லை. மாணவர்கள் கொதித்துப்போகிறார்கள்: வானம் நீலம்தான், அதற்கு வேறு நிறம் ஏது? ஆசிரியை அவர்களை ஜன்னலுக்குக் கூட்டிப்போய்ப் பார்க்கச் சொல்கிறார். அஸ்தமனம். எத்தனையோ நிறங்கள் இருக்கின்றன, நீலம் மட்டும் இல்லை. ஆனாலும் ஒப்புக்கொள்ள அவர்களுக்குப் பயம். வானம் வேறு நிறமாக இருக்கலாம் என்றால், வாழ்க்கையும் வேறு மாதிரி இருக்கலாம் என்று ஆகிவிடுமே.

அழத் தெரிந்த காலம்

இவ்வளவு சொன்ன பிறகு, ஐரிஷ்காரர்கள் உணர்ச்சியைக் காட்டாத இனம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களிடம் ஒப்பாரி இருந்தது. சாவு வீட்டில் பெண்கள் இறந்தவரை விளித்து, புகழ்ந்து, திட்டி, பாடி அழுவார்கள். ஆங்கிலத்தில் வழங்கும் ‘கீனிங்’ என்ற சொல்லே ஐரிஷிலிருந்து போனதுதான். திருச்சபை அதை நீண்ட காலம் எதிர்த்தது. மெல்ல மறைந்தது.

அந்த ஒப்பாரிகளில் மிகப் பெரியது 1773இல் பிறந்தது. கார்க் பகுதியில் ஆர்ட் ஓ லீரி என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கத்தோலிக்கர் ஐந்து பவுனுக்கு மேல் மதிப்புள்ள குதிரை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அப்போது சட்டம். அவருடைய அருமையான குதிரையை ஐந்து பவுனுக்குக் கொடுக்க மறுத்ததில் வந்த பகை என்று சொல்வார்கள். குதிரை ஆளில்லாமல் கடிவாளம் இழுபட வீட்டுக்கு வருகிறது. மனைவி எய்லீன் டுவ் மூன்று தாவு தாவுகிறாள்: முதல் தாவு வாசற்படிக்கு, இரண்டாவது கேட்டுக்கு, மூன்றாவது குதிரை மேல். போய்ச் சேர்ந்ததும் உறையாமல் ஓடும் அவன் ரத்தத்தைத் துடைக்கவில்லை, கையில் ஏந்திக் குடிக்கிறாள். இந்தப் பாட்டு வாய்வழியாகவே வாழ்ந்து பிற்பாடுதான் ஏட்டுக்கு வந்தது.

டிரன் நீ க்ரீஃபா ஐரிஷிலும் ஆங்கிலத்திலும் கவிதை எழுதுகிறவர். 2020இல் வந்த அவருடைய ‘எ கோஸ்ட் இன் தி த்ரோட்’ என்ற உரைநடை நூலில், கைக்குழந்தைகளோடு வீட்டு வேலைக்கு நடுவே, தாய்ப்பால் எடுத்துப் பால் வங்கிக்கு அனுப்பியபடி, அவர் எய்லீன் டுவைத் தேடிக்கொண்டு போகிறார். ஆவணங்களில் அவள் யாரோ ஒருவரின் மனைவியாக, யாரோ ஒருவரின் அத்தையாக மட்டும் இருக்கிறாள். இது ஒரு பெண்ணின் பிரதி என்று நூல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. துணி மடிப்பதும் பாத்திரம் கழுவுவதும் ஒப்பாரியும் அவர் கணக்கில் ஒரே எழுத்து. இருநூற்றைம்பது வருடத்து மௌனத்துக்குள் கையை விட்டுத் துழாவும் புத்தகம் இது. இதைப் படித்த பிறகு எனக்கு மற்ற ஐரிஷ் நாவல்களின் அடக்கமே வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது.

ஒப்பாரி போன பிறகு சாவு வீட்டில் மிஞ்சியது என்ன? தேநீர், சாண்ட்விச், கைகுலுக்கல், “உங்கள் கஷ்டத்துக்கு வருந்துகிறேன்” என்ற ஒரே வாக்கியம். ஹீனியின் ‘மிட்-டெர்ம் பிரேக்’ கவிதையில், விபத்தில் இறந்த நாலு வயதுத் தம்பியைப் பார்க்க விடுதியிலிருந்து வரும் பள்ளிப் பையனுக்கு முன்னால் கிழவர்கள் எழுந்து நின்று கை கொடுத்து அதையே சொல்கிறார்கள். பையனுக்குக் கூச்சமாக இருக்கிறது. எத்தனை சாவையும் தாங்கிக்கொள்கிற அப்பா வாசலில் நின்று அழுதுகொண்டிருக்கிறார். சவப்பெட்டி நாலடி நீளம், வயதுக்கு ஓர் அடி.

இன்றைய பிள்ளைகள்

2008 நிதி நெருக்கடியில் நாடு விழுந்தது. வீடு கட்டும் தொழில் சரிந்து, பாதி கட்டி விட்ட குடியிருப்புகள் பேய்க்குடியிருப்புகள் என்று பெயர் வாங்கின. டோனல் ரயன் ‘தி ஸ்பின்னிங் ஹார்ட்’ நாவலில் ஒரே கிராமத்தின் 21 பேரைத் தனித்தனியாகப் பேசவிடுகிறார். எல்லாரும் நம்மிடம் கொட்டுகிறார்கள், ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

சாலி ரூனியின் ‘நார்மல் பீப்பிள்’ நாவலில் வரும் இளைஞர்களுக்குத் திருச்சபையின் பயம் கிடையாது. உடலுறவைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசுகிறார்கள். ஆனால் கான்னலுக்கு வேலை போய், வாடகை கொடுக்க முடியாமல், “கோடைக்கு உன் வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா?” என்று மரியானிடம் கேட்க வேண்டிய ஒரே வாக்கியம் வாயில் வருவதில்லை. அவன் அம்மா அவள் வீட்டில் துப்புரவு வேலை செய்தவர். கேட்காமலே போய்விடுகிறான், உறவு முறிகிறது. அதே பழைய நோய், காரணம் மட்டும் இப்போது வர்க்கம்.

ஐரிஷ் அடையாளம் என்பதே இன்று வேறு கைகளுக்கும் போயிருக்கிறது. நைஜீரியாவில் பிறந்த மெலட்டு உச்சே ஒகோரி, புகலிடம் கேட்டு வந்தவர்களுக்கான அரசு விடுதிகளில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். 2000இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில், வளர்ந்தவர் ஒருவருக்கு வாரப்படி 19.10 யூரோ, 2017 வரை அது உயரவே இல்லை. அவருடைய ‘திஸ் ஹாஸ்டல் லைஃப்’ 2018இல் வந்தது. தலைப்புக் கதையில் பெண்கள் வாராந்திரப் பொருட்களுக்கு வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் பேசும் ஆங்கிலம் பல நாட்டு ஆங்கிலங்களை ஒட்டுப்போட்டு ஒகோரி தானே செய்தது. வாயை அடைக்கும் சுவர்கள் இன்னும் கட்டப்படுகின்றன என்று அந்த வரிசையே சொல்கிறது. ஒரு காலத்தில் ஐரிஷ் பெண்கள் அந்நிய மொழியில் தங்கள் துக்கத்தைப் பேசப் பழகினார்கள். இப்போது அயர்லாந்துக்கு வந்தவர்கள் அதையே செய்கிறார்கள்.

எங்கே தொடங்குவது என்றால், ‘ஃபாஸ்டர்’. ஒரு சாயங்காலம் போதும். அதை முடித்த கையோடு ஹீனியின் ‘மிட்-டெர்ம் பிரேக்’ கவிதையையும் போலண்டின் கவிதையையும் படித்துவிடலாம், இரண்டும் ஒரு பக்க அளவுதான். ‘மில்க்மேன்’ கடினம், முதல் ஐம்பது பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அந்தக் குரல் உங்களை விடாது.

‘ஃபாஸ்டர்’ கடைசிப் பக்கத்தில் சிறுமி ஓடிப்போய்க் கின்செல்லாவைக் கட்டிக்கொள்வாள். அவர் தோளுக்குப் பின்னால் அவளுடைய அப்பா நடந்து வந்துகொண்டிருப்பார். அப்போது அவள் ஒரே ஒரு சொல்லை இரண்டு முறை சொல்வாள். அந்த இரண்டில் எது யாருக்கு என்று பார்த்துப் படியுங்கள்.